பாதை மாறினால் பூட்ஸும் மாறும்: பனிக்காட்டு நடையும் ஆம்பூர்த் தோலும்



தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்தப் பட்டியலில் இனிமேல் "பனி இல்லாத ஊரில் பனிச்சறுக்குக் கட்டுரை" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் வந்தால் மின்விசிறிக்கு அடியில் ஈரத்துண்டு போட்டுப் படுக்கும் ஆம்பூர்க்காரன் நான். எனக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பழைய பூட்ஸ்தான் சம்பந்தம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓஸ்லோவில் ஒரு நாள்

என் பெரியப்பா மகன் நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவில் மேல்படிப்புப் படிக்கிறார். போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காட்டுக்குள் ஸ்கீயில் போய்வந்ததாகச் சொன்னார். ஸ்கீ என்றதும் மலை உச்சியிலிருந்து சர்ரென்று கீழே பாய்வதுதான் நமக்கு ஞாபகம் வரும். அவர் செய்தது அது இல்லை. இதற்குப் பெயர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். காலில் நீளமான மெல்லிய பலகை, கையில் இரண்டு கோல். சமதரையிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நம் சொந்தக் கால் பலத்தில் சறுக்கிக்கொண்டே நடப்பது. நடைதான், ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் ஓரிரண்டு மீட்டர் வழுக்கல் இலவசம்!

காலையில் மெட்ரோ ரயிலில் பலகையோடு ஏறியிருக்கிறார். பெட்டியில் பாதிப் பேர் கையில் பலகை. ஃப்ரொக்னர்செட்டெரன் என்ற கடைசி நிலையத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தால் நூர்ட்மார்க்கா காடு. அங்கே பனியில் இரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு இணையான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பலகைகளை அதற்குள் வைத்துவிட்டால் கால் தானாகத் தடத்தோடு போகும். கிறிஸ்துமஸ் மர ஜாதி மரங்களுக்கு நடுவே போய், உல்லெவோல்செட்டர் என்ற காட்டு விடுதியில் சூடாக ஏதோ குடித்துவிட்டு, மாலையில் சொங்ன்ஸ்வான் ஏரிக்கரையில் இறங்கி மறுபடி மெட்ரோ. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் இருக்குமாம். ஆறு தடவை விழுந்தாராம். ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் இவரை முந்திக்கொண்டு போனதுதான் வருத்தமாம்.

நுழைவுச் சீட்டு கிடையாது. 1957-ல் நார்வே போட்ட திறந்தவெளிச் சட்டம், காட்டில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் எழுதியே கொடுத்துவிட்டது. ஓஸ்லோவைச் சுற்றிய காடுகளில் பனித்தடங்களைப் பராமரிப்பது 1883-ல் தொடங்கப்பட்ட ஸ்கீஃபொரெனிங்கன் என்ற சங்கம். இரவில் இயந்திரம் ஓட்டித் தடம் போட்டு வைக்கிறார்கள், காலையில் ஊர் வந்து நடக்கிறது. பனியை வானம் கொடுக்கிறது. தடத்தை மனிதர்கள்தான் போடவேண்டியிருக்கிறது.

அண்ணன் தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பெரியவரின் நிலவறையில் ஒரு ஜோடி பழைய ஸ்கீ பூட்ஸ் இருந்திருக்கிறது. தோல் பூட்ஸ். 1960களில் அந்தப் பெரியவர் போட்டது. அண்ணன் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். என் பெரியப்பா முப்பது வருடம் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டேய், இது நார்வீஜியன் வெல்ட்டுடா. தையலைப் பாரு. அப்பரை உள்ளே மடிக்கல, வெளியே மடிச்சி ரெண்டு வரிசை தைச்சிருக்கான். தண்ணி உள்ளே போகக்கூடாதுன்னு. நாங்க இதை சாம்பிள்ல பண்ணியிருக்கோம். எந்த நார்வேன்னு அப்ப யாருக்குத் தெரியும்!"

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "இப்ப பையன் போட்டிருக்கிற பூட்ஸ் பூரா பிளாஸ்டிக்கா இருக்குதே. இவ்ளோ நல்ல வேலையை ஏன்டா விட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

1,300 வருடத்துத் தோல் வார்

பனிப்பலகையின் வரலாறு மிகப் பழையது. ஸ்வீடனில் கால்வ்ட்ரெஸ்க் என்ற இடத்தில் சதுப்பு நிலத்துக்குள் கிடைத்த பலகைக்கு வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் என்னைப் போன்ற தோல் ஊர்க்காரனுக்குப் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. நார்வேயின் டிகெர்வார்டன் மலையில் பனிப்படலம் உருக உருக, 2014-ல் ஒரு பலகை வெளியே வந்தது. வயது சுமார் 1,300 ஆண்டுகள். ஜோடியில் மற்றொன்று எங்கே என்று தொல்லியலாளர்கள் காத்திருந்தார்கள். 2021-ல் அதுவும் கிடைத்தது, முதல் பலகை கிடைத்த இடத்திலிருந்து ஐந்தே மீட்டர் தள்ளி! நீளம் 187 செ.மீ., அகலம் 17 செ.மீ. காலைப் பலகையோடு பிணைக்கும் கட்டும் அதிலேயே இருந்தது. முறுக்கிய பிர்ச் மரக் கொடிகள் மூன்று, கூடவே ஒரு தோல் வார்.

நம் ஊர் பல்லவர் காலத்தில் இருந்தபோது ஒருவர் அந்த மலையில் நடந்திருக்கிறார். பலகையில் பழுது பார்த்த அடையாளமும் இருக்கிறதாம். செருப்பு வார் அறுந்தால் நாம் தைத்துப் போடுவது போலத்தான் அவரும் செய்திருக்கிறார்.

தோல் அங்கே வாராக மட்டும் இருக்கவில்லை, பலகைக்கு அடியிலும் இருந்தது. பனியில் முன்னால் வழுக்க வேண்டும், ஆனால் மேடு ஏறும்போது பின்னால் வழுக்கக் கூடாது. இரண்டும் ஒரே பலகையில் எப்படி நடக்கும்? கன்றுக்குட்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழவழப்பு, எதிர்த்துத் தடவினால் சொரசொரப்பு. மயிர் உள்ள தோலைப் பலகைக்கு அடியில் ஒட்டினால் அதே வேலை நடக்கும். வடக்கே ஸ்காண்டிநேவியாவில் ஒரு காலில் நீளப் பலகையும் மறு காலில் தோல் போர்த்திய குட்டைப் பலகையுமாக நடந்த காலம் உண்டு. நீளமானது வழுக்க, குட்டையானது உந்த. ஆசியாவின் அல்தாய் மலைப் பகுதியில் இன்றும் குதிரைத் தோல் ஒட்டிய பலகைகளைச் செய்கிறார்கள்.

மரப்பட்டை கட்டிய கால்கள்

நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு கதை 1206-ஆம் ஆண்டில் நடந்தது. உள்நாட்டுப் போர்க்காலம். இரண்டு வயதுகூட ஆகாத அரச குழந்தை ஹோகோனைக் கொல்ல எதிரிகள் தேடுகிறார்கள். இரண்டு வீரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடும் பனியில் மலையைக் கடந்து போய்க் காப்பாற்றினார்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் நார்வேயை நீண்ட காலம் ஆண்ட மன்னர் நான்காம் ஹோகோன்.

அந்த வீரர்களின் கட்சிக்குப் பெயர் பிர்க்கபெய்னர். அதாவது "பிர்ச் கால்காரர்கள்". தோல் வாங்க வக்கில்லாமல் பிர்ச் மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்டு திரிந்தவர்கள் என்று எதிரிகள் கேலியாக வைத்த பெயர். கேலிப் பெயரே பிறகு பெருமைப் பெயராகிவிட்டது! 1932 முதல் அந்தப் பெயரில் ஒரு ஸ்கீ பந்தயம் நடக்கிறது. ரேனா என்ற ஊரிலிருந்து லில்லஹாம்மர் வரை 54 கி.மீ. அந்தக் குழந்தையின் நினைவாக ஒவ்வொருவரும் 3.5 கிலோ சுமையை முதுகில் கட்டிக்கொண்டு போகவேண்டும்.

காலில் என்ன போட்டிருக்கிறான் என்பதை வைத்து ஆளை எடைபோடுவது நமக்கும் புதிதல்ல. செருப்பு போட்டுக்கொண்டு நடக்கக்கூடாது என்று தெருக்களே தடை சொன்ன நாடு இது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களையே தள்ளி வைத்த நாடும் இதுதான். அதனால் இந்தப் பெயர்க் கதையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குதிகாலை விட்டுவிடு, விரலைப் பிடி

இந்த நடையின் சூட்சுமம் குதிகாலில் இருக்கிறது. கால் விரல் பகுதி மட்டும் பலகையோடு பிணைந்திருக்க வேண்டும். குதிகால் மேலே எழும்ப வேண்டும். அப்போதுதான் நடக்க முடியும். ஆகவே பூட்ஸ், விரல்கள் மடியும் இடத்தில் நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை மடிந்து விரியும். ஷூ வேலை தெரிந்தவர்களுக்கு இது என்ன தொல்லை என்று உடனே புரியும். அப்பரில் சுருக்கம் விழுந்து முதலில் வெடிப்பது அந்த இடம்தான்.

19-ஆம் நூற்றாண்டில் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹெய்ம் (1825–1897) என்ற ஏழைக் குடியானவர் முறுக்கிய கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பலகை காலோடு திரும்பும்படி செய்தார். 1888-ல் ஃப்ரித்யோஃப் நான்சன் கிரீன்லாந்தைப் பலகையில் கடந்து, அதைப் புத்தகமாகவும் எழுதியதும் ஐரோப்பா முழுக்க ஸ்கீ மோகம் பிடித்தது. 1894-ல் ஃப்ரிட்ஸ் ஹூயிட்ஃபெல்ட் இரும்புக் காதுகளும் தோல் வாரும் சேர்ந்த ஒரு பிணைப்பைக் கொண்டுவந்தார். 1924-ல் பிரான்சின் ஷாமொனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது 18 கி.மீ., 50 கி.மீ. இரண்டு பந்தயங்களிலும் நார்வேயின் தூர்லெய்ஃப் ஹவ்க் தங்கம் வென்றார்.

1927-ல் ப்ரூர் வித் என்பவர் செய்த பிணைப்புக்கு ரொட்டஃபெல்லா என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எலிப்பொறி என்று அர்த்தம்! பூட்ஸின் சோலில் முன்பக்கம் மூன்று ஓட்டைகள். பலகையில் மூன்று ஊசிகள். ஓட்டையில் ஊசி உட்கார்ந்ததும் மேலே ஒரு கம்பியை அழுத்தினால் எலி மாட்டுவது போல் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும். நீளமான வார்கள் எல்லாம் தேவையில்லாமல் போயின.

வார்கள் போனாலும் பூட்ஸ் தோலாகவே இருந்தது. ஏனென்றால் மடியவும் வேண்டும், கிழியவும் கூடாது, வியர்வையும் வெளியேற வேண்டும், நாள் போகப்போக அந்த ஆளின் பாதத்துக்கே படியவும் வேண்டும். இத்தனையும் செய்யும் வேறு பொருள் அன்றைக்கு இல்லை. கொழுப்பு தடவி ஈரத்தைத் தடுப்பார்கள். நிலவறையில் இருந்த அந்த ஜோடி இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். அதன் சோலிலும் மூன்று ஓட்டைகள் இருந்தன.

தடம் போடும் இயந்திரம்

இதுவரை பாதையை யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை. முன்னால் போகிறவன்தான் போட்டான். புதுப்பனியில் முதல் ஆள் முழங்கால் வரை புதைந்து வழி உண்டாக்குவான், பின்னால் வருபவர்கள் அதில் போவார்கள். பந்தயம் என்றால் ஆட்கள் முன்கூட்டியே நடந்து நடந்து தடத்தை இறுக்குவார்கள். அப்படிப்பட்ட பாதைக்கு அகலமான பலகையும் கணுக்காலை மூடிய கனத்த பூட்ஸும் வேண்டும்.

1960களிலும் 70களிலும் இயந்திரம் வந்தது. பனியில் ஓடும் வண்டி, அதன் பின்னால் பாரமான சட்டம், சட்டத்தில் இரண்டு அச்சுகள். வண்டி போன வழியில் அழுத்தமான, நேரான, இணையான இரண்டு பள்ளங்கள் விழும். நம் ஊரில் மண் சாலை தார்ச்சாலை ஆனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலை வந்ததும் மாட்டு வண்டிச் சக்கரம் போய் டயர் வந்ததல்லவா? இங்கேயும் அதேதான் நடந்தது.

பாதை இறுகியதும் பலகை புதையும் பயம் போயிற்று. எனவே பலகை ஒடுங்கியது. 17 செ.மீ. அகலத்தில் தொடங்கிய கதை, இன்றைய பந்தயப் பலகையில் நாலரை செ.மீ.க்கும் கீழே வந்து நிற்கிறது. கனமான பூட்ஸும் தேவைப்படவில்லை. பூட்ஸ் ஓட்டப்பந்தய ஷூ மாதிரி தாழ்ந்தது, மெலிந்தது.

1974-ல் ஸ்வீடனின் ஃபலூன் நகரில் உலகப் போட்டி. ஸ்வீடன் வீரர் தாமஸ் மாக்னுசன் கண்ணாடி இழைப் பலகையில் 30 கி.மீ. பந்தயத்தை வென்றார். மரப்பலகைகளின் கதை பந்தயக் களத்தில் அத்தோடு முடிந்தது. பல தலைமுறையாக மரம் இழைத்துப் பலகை செய்த பட்டறைகள் சில ஆண்டுகளில் திணறிப்போயின.

அடுத்த அடி 1980களில். இறுகிய அகலமான பாதையில் பள்ளத்துக்குள் நேராகப் போவதைவிட, ஸ்கேட்டிங் போல வெளிப்பக்கம் உதைத்துப் போனால் வேகம் அதிகம் என்று கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் பில் கோக் இந்த உத்தியோடு 1982-ல் உலகக் கோப்பையை வென்றார். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் பழைய பாணிக்கும் புதிய பாணிக்கும் தனித்தனிப் பந்தயம் வைத்தார்கள். பக்கவாட்டில் உதைக்க வேண்டுமானால் கணுக்கால் ஆடக்கூடாது. மெல்லிய தோல் அங்கே தோற்றது. பிளாஸ்டிக் பட்டையும் செயற்கைத் துணியும் சேர்ந்த பூட்ஸ் வந்தது. 1985-ல் ரொட்டஃபெல்லா நிறுவனமே மூன்று ஊசியை விட்டு, சோலில் பதித்த ஒரு குறுக்குக் கம்பியைப் பிடிக்கும் புதிய பிணைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு ஏற்ற சோலைப் பிளாஸ்டிக்கில் வார்க்கத்தான் முடியும், தோலில் வெட்டித் தைக்க முடியாது.

பெரியப்பா கேள்விக்கு இதுதான் பதில். தோல் கெட்டுப்போகவில்லை. வேலையும் குறையவில்லை. காட்டுக்குள் பாதை போடும் முறை மாறியது, அதோடு பலகையும் பூட்ஸும் மாறின. தோலைப் பற்றி யாரும் எந்த முடிவும் எடுக்காமலேயே தோல் வெளியேறிவிட்டது.

அதே வருடங்களில் பாலாற்றங்கரையில்

தேதிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்கீ உலகம் தலைகீழாக மாறிய அதே 1970களில்தான் நம் தோல் தொழிலும் மாறியது. அதுவரை நம் பக்கம் ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்கு அப்பராக மெட்ராஸ் மாகாணத்து மாட்டுத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. தோல் நம்முடையது, பூட்ஸ் அவர்களுடையது, லாபமும் அவர்களுடையது.

சீதாராமையா குழு 1972-ல் இதை மாற்றச் சொன்னது. 1973 முதல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு வைத்து அதைக் குறைத்தது. முழுவதும் பதனிட்ட தோலாகவும் ஷூவாகவும் அனுப்பு என்றது. அதற்குப் பிறகுதான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பகுதிகளில் ஷூ கம்பெனிகள் பெருகின. காலை ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்கள் எங்கள் ஊரின் அடையாளமானதும் அப்படித்தான். என் பெரியப்பா வேலைக்குச் சேர்ந்ததும், அக்கா ஸ்டிச்சிங்கில் சேர்ந்ததும் அந்த அலையின் தொடர்ச்சி.

ஆக, ஐரோப்பாவில் ஒரு மூலையில் தோல் வெளியேறிய காலத்தில் நாம் தோல் ஷூவுக்குள் நுழைந்திருக்கிறோம்!

இப்போது அந்த மாற்றம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் காலணி மற்றும் தோல் பொருட்கள் கொள்கையை வெளியிட்டது. 2024-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவான் நிறுவனம் ஒன்றின் தோல் அல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உலகம் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆபீசுக்கே ஸ்னீக்கர் போட்டுப் போகிறார்கள். நம்ம ஊரின் பாதையும் மாறுகிறது.

பிளாஸ்டிக் வந்ததால் காடு சுத்தமானதா?

தோல் என்றால் அழுக்கு, செயற்கைப் பொருள் என்றால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பங்குக்கு நாம் பாலாற்றைக் கெடுத்தோம். அதை மறைக்க முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட முக்கியமான தீர்ப்பு அது.

ஆனால் வெள்ளை வெளேர் என்ற பனிக்காட்டிலும் கதை ஒன்று உண்டு. பலகை நன்றாக வழுக்க அடியில் மெழுகு தேய்ப்பார்கள். ஃப்ளூரின் கலந்த மெழுகு என்றால் வேகம் பிரமாதம். ஆனால் அந்த வேதிப்பொருட்கள் மட்காமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும். நார்வேயில் ஸ்கீ தடங்கள் உள்ள பகுதிகளில் மண்ணிலும் மண்புழுக்களிலும் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து பந்தயங்களில் இந்த மெழுகை முழுவதும் தடை செய்தது. எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் அதன் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

மான்டெபெல்லூனா என்ற இன்னொரு ஆம்பூர்

தோல் போன பிறகு அந்தத் தோலை நம்பிய ஊர்கள் என்னவாயின? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

இத்தாலியில் மான்டெபெல்லூனா என்ற ஊர் இருக்கிறது. பியாவே ஆற்றுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில். மரம் வெட்டுபவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் கனமான தோல் பூட்ஸ் தைத்துக் கொடுத்த சக்கிலியர் பட்டறைகள் நிறைந்த ஊர். ஸ்கீ மோகம் வந்ததும் ஸ்கீ பூட்ஸ் தைத்தார்கள். 1960களில் அமெரிக்காவில் பாப் லாங்கே பிளாஸ்டிக் ஸ்கீ பூட்ஸைக் கொண்டுவந்தபோது இந்த ஊர் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரங்களை வாங்கிப் போட்டார்கள். சில ஆண்டுகளில் உலகத்தின் ஸ்கீ பூட்ஸ்களில் பெரும்பகுதி அந்த ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து போனது. 1984-ல் பூட்ஸுக்கு என்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

ஸ்லோவேனியாவில் ஜிரி என்ற ஊரும் அப்படித்தான். பழைய செருப்புத் தைக்கும் ஊர். அங்கே 1947-ல் தொடங்கிய அல்பினா நிறுவனம், தோல் பூட்ஸிலிருந்து மாறி, கிராஸ் கன்ட்ரி பூட்ஸுக்குப் பெயர் பெற்ற நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

எப்படி முடிந்தது? பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "லாஸ்ட்டுடா" என்றார். லாஸ்ட் என்றால் ஷூ தயாரிக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவ அச்சு. "தோலோ பிளாஸ்டிக்கோ, கால் அதே காலுதானே. எந்த இடத்துல மடியும், எங்க இறுக்கும், எங்க கொப்புளம் வரும்னு தெரிஞ்சவன் எதுலயும் பண்ணுவான்." நூறு வருடம் பாதங்களைத் தொட்டுப் பார்த்த அனுபவம் அந்த ஊர்களிடம் இருந்தது. புதிய இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த அனுபவத்தை அப்படி வாங்க முடியாது.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மைதான். 1990களில் மான்டெபெல்லூனா நிறுவனங்கள் தையல் வேலையைக் கூலி குறைவான ருமேனியாவுக்குக் கொண்டுபோயின. வடிவமைப்பும் பிராண்டும் ஊரில் தங்கின. தைத்த கைகளுக்கு வேலை தங்கவில்லை. ஊர் பிழைத்தது என்று சொல்லும்போது, ஊரில் யார் பிழைத்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் பனியில் நடப்பவர்கள்

இந்தியாவில் இந்த விளையாட்டு ராணுவத்தோடு வளர்ந்தது. 1948-ல் காஷ்மீரின் குல்மார்க்கில் ராணுவம் ஸ்கீ பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய உயரமலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி. கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் தாஷி லுண்டுப் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும், நதீம் இக்பால் 2014 சோச்சியிலும், ஜக்தீஷ் சிங் 2018 பியோங்சாங்கிலும் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார்கள். பதக்கம் இல்லை, பின் வரிசைதான். ஆனால் தடமே இல்லாத நாட்டிலிருந்து போனவர்கள் அவர்கள். கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த பவானி, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் இதே பிரிவில் தங்கம் வென்றிருக்கிறார். குடகில் பனி பெய்வதில்லை. தெற்கத்தியருக்கும் பனிக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி சொல்ல முடியாது.

முடிவாக

எங்கள் வீட்டில் இது வெறும் வரலாறு இல்லை. அக்காவோடு வேலை செய்யும் இரண்டு பேர் தோல் அல்லாத ஷூ கம்பெனிக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். "பதினெட்டு வருஷம் தோல்ல தைச்ச கை இது. அங்க போனா புதுசா சேர்ற பொண்ணும் நானும் ஒண்ணுதானா?" என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. துணியும் நுரையும் ஒட்டும் வேலையில் அவள் கையின் பதினெட்டு வருடத்துக்கு மதிப்பு இருக்குமா என்பதைக் கம்பெனிகளும் அரசும்தான் முடிவு செய்யும். அனுபவத்துக்கு ஏற்ற கூலியும், புதிய வேலைக்கு முறையான பயிற்சியும், டிசைன் மேசையில் நம் ஊர்ப் பெண்களுக்கு இடமும் கிடைத்தால் மான்டெபெல்லூனாவின் நல்ல பாதி நமக்கு வரும். இல்லாவிட்டால் ருமேனியா பாதிதான் வரும், நாளைக்கு அதுவும் வேறு ஊருக்குப் போய்விடும்.

வீட்டுக்காரப் பெரியவர் அந்தப் பழைய பூட்ஸை அண்ணனுக்கே கொடுத்துவிட்டாராம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா இப்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "ஒரு காலைப் பிரிச்சுப் பார்ப்பேன். அவன் வெல்ட்டு எப்படிப் போட்டான்னு உள்ள பார்க்கணும். அப்புறம் நானே தைச்சுத் தர்றேன்."

அக்காவும் கூட உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நானும்தான்.